காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது? - அமெரிக்க லொறிக் கம்பனியில் புதிய சாரதியின் முதல் வருடம்

கடைக்குப் புதிதாக ஒரு பொடியனைச் சேர்க்கிறோம். சாமான்களின் விலை, வாடிக்கையாளர்களின் முகம், கணக்குக் கொப்பி என்று எல்லாவற்றையும் மூன்று மாதம் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறோம். நாலாம் மாதம் அவன் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டால், "நன்றி கெட்டவன்" என்று இரண்டு நாள் பேசிவிட்டு அடுத்தவனைத் தேடுகிறோம். அந்த மூன்று மாதச் செலவை எந்தப் பேரேட்டிலும் நாம் எழுதுவதில்லை.

இதே கதை ஒரு பெரிய நாட்டின் ஒரு தொழிலில் பல தசாப்தங்களாக நடந்து வந்திருக்கிறது. அமெரிக்காவின் நெடுந்தூர லொறித் தொழிலைத்தான் சொல்கிறேன். அங்குள்ள பெரிய கம்பனிகளில், 1990களின் நடுப்பகுதியிலிருந்து இருபது வருடங்களுக்கும் மேலாக, சாரதிகள் விலகும் விகிதம் சராசரியாக வருடத்துக்கு 90 வீதத்தைத் தாண்டியே இருந்தது. அதாவது 100 சாரதிகள் வேலை செய்யும் கம்பனி ஒன்று ஒரு வருடத்தில் 90க்கும் மேற்பட்டவர்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேரும் ஓடிவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பழையவர்களில் ஒரு பகுதியினர் அசையாமல் இருப்பார்கள். புதியவர்களின் ஆசனம்தான் வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை கைமாறும். அந்தப் புதிய சாரதி ஏன் நிற்பதில்லை என்பதைத்தான் இவ்வாரம் பார்க்கப் போகிறோம். லொறி வைத்திருப்பவர்களுக்கு மட்டுமன்றி, லொறியில் சாமான் எடுப்பவர்களுக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில் இத்தொழிலின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1935 ஆம் ஆண்டின் சட்டமொன்றின் கீழ், யார் எந்தப் பாதையில் என்ன கூலிக்கு லொறி ஓட்டலாம் என்பதை அமெரிக்க அரசாங்கமே கட்டுப்படுத்தி வந்தது. 1980 ஜூலையில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டைப் பெருமளவில் தளர்த்தியது. ஆயிரக்கணக்கான புதிய கம்பனிகள் சந்தைக்குள் நுழைந்தன, கூலி வீழ்ந்தது, சாமான் அனுப்பும் வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். வீழ்ந்த கூலியின் மறுபக்கத்தில் இருந்தவர் சாரதி. தொழிற்சங்கம் வலுவாக இருந்த காலத்தில் நல்ல நடுத்தர வருமானம் தந்த வேலை, ஆட்கள் வந்து வந்து போகும் வேலையாக மாறியது.

பஸ் டிக்கட்டுடன் ஆரம்பம்

புதிதாக வருபவர் பெரும்பாலும் வேறொரு தொழிலை இழந்தவர். தொழிற்சாலை மூடப்பட்டவர், இராணுவத்திலிருந்து விலகியவர், அண்மையில் குடியேறியவர். அவருக்கு ஏ வகுப்பு வர்த்தக சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். அவர் ஓட்டப்போவது முன்னால் இழுவை வாகனம், பின்னால் 53 அடி நீளமான ட்ரெய்லர், எல்லாம் சேர்த்து 80,000 இறாத்தல் வரை, அதாவது ஏறத்தாழ 36 தொன் எடையுள்ள ஒன்று. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு அதை ஓட்டிச் செல்ல 21 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை, போதைப்பொருள் பரிசோதனை இரண்டும் உண்டு. 2022 பெப்ரவரி 7 முதல் பதிவு பெற்ற பயிற்சி நிலையத்தில் பயில வேண்டும் என்பது சட்டம். ஆனால் எத்தனை மணித்தியாலம் ஓட்டிப் பழக வேண்டும் என்று அந்த மத்திய சட்டம் சொல்லவில்லை.

பயிற்சிக் கட்டணம் பல ஆயிரம் டொலர். வேலையில்லாத மனிதனிடம் அது ஏது? ஆகவே கம்பனியே முன்வருகிறது. "நாங்கள் பழக்கித் தருகிறோம், ஒரு வருடம் எங்களிடம் ஓட்டுங்கள், கட்டணம் வேண்டாம்" என்கிறது. இடையில் விலகினால் கட்டணத்தைத் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து. பெரும்பாலும் கம்பனி அனுப்பும் பஸ் டிக்கட்டில்தான் அவர் பயிற்சிக்குப் போய்ச் சேருகிறார். முதல் சம்பளத்தைக் காணும் முன்பே கடன்காரர்.

சில வாரங்களில் அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும். அதன் பின்னர் ஒரு பயிற்றுனருடன் மேலும் பல வாரங்கள் வீதியில். இருவரும் ஒரே லொறியில் ஓட்டி, ஒரே லொறியில் உறங்குகிறார்கள். ஆசனத்துக்குப் பின்னால் இரண்டு தட்டுக் கட்டில் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவருடன் ஒரு குளியலறை அளவு இடத்தில் ஒரு மாதத்துக்கும் மேல் வாழ வேண்டும். சில கம்பனிகளில் பயிற்றுனரே இத்தொழிலுக்கு வந்து ஒரு வருடம் ஆகாதவர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் தூங்கினால் லொறி நிற்காமல் ஓடும் என்பதால், பழக்குவதைவிடச் சாமான் சேர்ப்பதே முதன்மையாகிவிடும் ஆபத்தும் உண்டு. இக்காலத்தில் புதியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நிலையான சிறு வாரச் சம்பளம் மட்டுமே.

பதினான்கு மணித்தியாலக் கடிகாரம்

பிறகு தனி லொறி. சாவி கைக்கு வந்த அன்று எந்தப் புதிய சாரதிக்கும் பெருமையாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து அவரது வாழ்க்கையை ஆள்வது ஒரு கடிகாரம்.

மத்திய அரசின் விதி இதுதான்: தொடர்ந்து 10 மணித்தியாலம் ஓய்வெடுத்த பின்னர் வேலை தொடங்கினால், அந்நேரத்திலிருந்து 14 மணித்தியாலத்துக்குள் மட்டுமே ஓட்டலாம், அதற்குள்ளும் ஓட்டக்கூடியது 11 மணித்தியாலம். 8 மணித்தியாலம் ஓட்டிய பின்னர் அரை மணித்தியால இடைவேளை. 8 நாட்களில் மொத்த வேலை 70 மணித்தியாலம் ஆனதும் ஓட்டுவதை நிறுத்த வேண்டும். முன்பெல்லாம் இதைச் சாரதி கையால் ஒரு புத்தகத்தில் எழுதினார். எழுத்தில் கொஞ்சம் "சரிக்கட்டல்" நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2017 டிசம்பரில் இலத்திரனியல் பதிவுக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. இயந்திரத்துடன் இணைக்கப்பட்ட கருவியிடம் சலுகை கேட்க முடியாது.

விதி நல்ல நோக்கத்துக்கானது. களைத்த சாரதியின் கையில் 36 தொன் என்பது வீதியில் போகும் எல்லோருக்கும் ஆபத்து. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்த 14 மணித்தியாலக் கடிகாரம் ஒருமுறை ஓடத் தொடங்கினால் பொதுவாக நிற்பதில்லை. களஞ்சியசாலை வாசலில் நின்றாலும் ஓடும். வாகன நெரிசலில் நின்றாலும் ஓடும். அவரது சம்பளமோ சக்கரம் உருளும்போது மட்டும்தான் ஓடும்.

நெடுந்தூரச் சாரதிகளுக்கு மணித்தியாலச் சம்பளம் கிடையாது, மைலுக்கு இத்தனை சதம் என்றே வழங்கப்படுகிறது. (ஒரு மைல் ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர்.) 1938 ஆம் ஆண்டின் தொழில் நியமச் சட்டம் மேலதிக நேரக் கொடுப்பனவை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தபோது, இவ்வகைச் சாரதிகளை அதிலிருந்து விலக்கியும் வைத்தது. இன்றுவரை மத்திய சட்டத்தில் அந்த விலக்கு இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மைலுக்கு 50 சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் ஒரு வாரத்தில் 2,200 மைல் ஓட்டினால் 1,100 டொலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாரத்தில் ஓட்டியது, காத்திருந்தது, சாமான் ஏற்றியது, வாகனத்தைப் பரிசோதித்தது எல்லாம் சேர்த்து 70 மணித்தியாலம் வேலை என்றால், மணித்தியாலத்துக்கு 16 டொலர் கூட இல்லை. வீட்டுக்குப் போகாமல் லொறியிலேயே கழிந்த 168 மணித்தியாலத்தால் வகுத்தால் ஆறரை டொலர். உறக்கத்துக்கும் கூலியா என்று ஒரு முதலாளி கேட்கலாம். நியாயமான கேள்விதான், அமெரிக்காவில் அது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஆனால் தன் வீட்டுக் கட்டிலில் படுப்பதும், முன்பின் தெரியாத ஊரின் பெருந்தெரு ஓரத்தில், முதலாளியின் சாமானுக்குக் காவலாகப் படுப்பதும் ஒன்றா?

சம்பளம் பொதுவாகவே குறைவு என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. கனரக லொறிச் சாரதிகளின் இடைநிலை வருட வருமானம் 2024 மே மாதத்தில் 57,440 டொலர் என்று அந்நாட்டுத் தொழில் புள்ளிவிபரத் திணைக்களம் கணித்தது. அதில் பழையவர்களும் இருக்கிறார்கள், யூனியன் பலமுள்ள கம்பனிகளில் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். முதல் வருடத்துச் சாரதி அந்தப் பந்தியின் கடைசி வரிசையில் இருப்பவர்.

வாசலில் கரையும் பணம்

காத்திருப்பு என்றால் என்ன என்பதை ஒரு மளிகைச் சாமான் களஞ்சியத்தில் பார்க்கலாம். சாரதிக்குக் காலை 6 மணிக்கு நேரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஐந்தரைக்கே வந்து விடுகிறார். பிந்தினால் அடுத்த நாள்தான். உள்ளே இறக்கும் மேடை ஒன்றும் காலியில்லை. சாமான் இறக்க, நமது புறக்கோட்டை நாட்டாமைமார் போன்று, தனியாகக் கூலிக்கு ஆட்கள் உண்டு. அவர்களின் முறை வர வேண்டும். பத்து மணிக்கு இறக்கி முடிந்து பத்திரத்தில் கையெழுத்தாகிறது. நாலு மணித்தியாலம் போயிற்று. வீதியில் மணித்தியாலத்துக்கு 60 மைல் ஓடியிருந்தால் 240 மைல். நாம் மேலே வைத்த கணக்கில் 120 டொலர். அதைவிடப் பெரிய நட்டம், அன்றைய 14 மணித்தியாலத்தில் நாலைத் திருப்பி எடுக்க முடியாது என்பது. அடுத்த சரக்கு ஏற்ற வேண்டிய நேரமும் தவறிப்போகிறது.

இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் காக்க வைத்தால் தாமதக் கட்டணம் கோரும் வழக்கம் இத்தொழிலில் உண்டு. எழுத்தில் உண்டு. பெரிய வாடிக்கையாளரிடம் அதை வற்புறுத்திக் கேட்கக் கம்பனிகள் தயங்கும். கேட்டு வாங்கினாலும் சாரதியின் கைக்கு எவ்வளவு வருகிறது என்பது கம்பனியைப் பொறுத்தது. பழைய சாரதிக்கு எந்தக் களஞ்சியத்தில் யாரிடம் பேச வேண்டும் என்று தெரியும், வேண்டாத சரக்கை மறுக்கவும் முடியும். புதியவருக்கு இரண்டும் இல்லை.

அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பரிசோதனை அலுவலகம் 2018 ஜனவரியில் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. இவ்வாறான காத்திருப்பினால் சாரதிகள் வருடத்துக்கு 110 கோடி முதல் 130 கோடி டொலர் வரை வருமானம் இழப்பதாக அது மதிப்பிட்டது. அதே அறிக்கையில் இன்னுமொரு கணக்கு: களஞ்சியத்தில் லொறி நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால், விபத்து விகிதம் 6.2 வீதம் கூடும் என எதிர்பார்க்கலாம். வாசலில் இழந்த நேரத்தைச் சாரதி வீதியில் தேடுகிறார்.

இறக்கும் இடம் உள்ளே விடாவிட்டால் எங்கே நிற்பது என்பது அடுத்த பிரச்சினை. 2009 மார்ச்சில் நியூயோர்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜேசன் ரிவன்பேர்க் என்ற சாரதி, பால் ஏற்றிக்கொண்டு தென் கரோலினாவுக்குப் போனார். நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் இறக்கும் இடத்தில் லொறியை விட முடியவில்லை. கைவிடப்பட்ட ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்திவிட்டுப் படுத்தார். கொள்ளைக்காரன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். கிடைத்தது 7 டொலர். அவரது மனைவி அப்போது இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்தார். அந்தப் பெண்மணியின் விடாமுயற்சியால் லொறித் தரிப்பிடங்களுக்கு நிதி ஒதுக்க வழி செய்யும் ஏற்பாடு 2012 இல் சட்டத்தில் சேர்ந்தது. "ஜேசன் சட்டம்" என்றே அழைக்கிறார்கள். தரிப்பிடப் பற்றாக்குறை அதனுடன் தீர்ந்துவிடவில்லை. மாலை ஆனதும் எங்கே நிறுத்துவது என்ற கவலை புதிய சாரதியைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகவே சிலர் ஓட்டும் நேரம் மிச்சமிருக்கும்போதே ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த மைல்களும் அவரது கணக்கிலிருந்துதான் போகின்றன.

முஸ்லிம் சாரதிகள் சம்பந்தப்பட்ட ஒரு விடயத்தையும் இங்கே குறிப்பிடலாம். எந்தச் சரக்கை எடுப்பது என்பதைப் புதிய சாரதி தீர்மானிப்பதில்லை, காரியாலயத்தில் இருக்கும் அனுப்புனர் தீர்மானிக்கிறார். இலினோய் மாநிலத்தில் சோமாலிய வம்சாவளியைச் சேர்ந்த இரு சாரதிகள் மதுபானம் ஏற்ற மறுத்ததால் 2009 இல் வேலை நீக்கப்பட்டார்கள். வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணைக்குழு அவர்களுக்காக வழக்குத் தொடர்ந்தது. வேறு சாரதிகளுடன் சரக்கை மாற்றிக் கொடுப்பது கம்பனிக்குச் சிரமமான காரியமாக இருக்கவில்லை என்பது வழக்கில் வெளிப்பட்டது. 2015 ஒக்டோபரில் ஜூரிகள் இருவருக்குமாக 240,000 டொலர் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்க வேண்டியது!

சொந்த லொறி என்ற ஆசை

சம்பளம் போதவில்லை என்று புதியவர் முணுமுணுக்கும்போது, சில கம்பனிகள் இன்னொரு கதவைக் காட்டும். "நீங்கள் ஏன் கூலிக்கு ஓட்ட வேண்டும்? எங்களிடமே லொறியைக் குத்தகைத் தவணைக்கு எடுங்கள், நீங்களும் ஒரு முதலாளி." வாரா வாரம் பல நூறு டொலர் தவணை. டீசல், காப்புறுதி, பழுது பார்ப்பு, வீதிக் கட்டணம் எல்லாம் இனிச் சாரதியின் தலையில். சரக்குக் கொடுப்பதோ அதே கம்பனி. சரக்குக் குறைந்தாலும் தவணை குறையாது. விலகினால் லொறி கம்பனிக்கு, கட்டிய பணமும் போயிற்று. வியாபாரி ஒருவரிடம் கேட்டால் இது வியாபாரமல்ல என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார்: கடனும் செலவும் உன்னுடையது, வாடிக்கையாளரும் விலையும் என்னுடையது என்றால், நட்டம் மட்டும்தான் உன்னுடையது.

நியூ பிரைம் என்ற பெரிய கம்பனிக்கு எதிராக ஒலிவேரா என்ற சாரதி தொடர்ந்த வழக்கு இதில் பிரசித்தமானது. பயிற்சியில் 10,000 மைல் சம்பளமின்றி ஓட்டினேன், அதன் பின்னர் 30,000 மைல் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 4 டொலர் பெறுமதியான கூலிக்கு ஓட்டினேன், பிறகு லொறியைக் குத்தகைக்கு எடுத்துச் சுயாதீன ஒப்பந்தக்காரன் ஆனேன், கழிவுகள் போகச் சில வாரம் கம்பனிக்கு நான் கடன்பட்டேன் என்பது அவரது முறைப்பாடு. வழக்கு நீதிமன்றத்துக்கு வரக்கூடாது, ஒப்பந்தப்படி தனியார் நடுத்தீர்ப்புக்குத்தான் போக வேண்டும் என்றது கம்பனி. 2019 ஜனவரி 15 ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏகமனதாகச் சாரதியின் பக்கம் நின்றது. ஒப்பந்தக்காரர் என்று பெயரிட்டாலும் இத்தகைய போக்குவரத்துத் தொழிலாளரை அச்சட்டத்தின் கீழ் நடுத்தீர்ப்புக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அடுத்த வருடம் 2 கோடி 80 இலட்சம் டொலர் கொடுத்துக் கம்பனி வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டது.

இவ்வாறான குத்தகைகளை ஆராய 2021 ஆம் ஆண்டின் உட்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட குழு, 2025 ஜனவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. திருத்தங்களைச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. கம்பனிகள் நடத்தும் இந்தக் குத்தகைக் கொள்வனவுத் திட்டங்களையே தடை செய்யுமாறு அமெரிக்கப் பாராளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது.

கம்பனிகளுக்குப் புத்தியில்லையா?

இவ்வளவு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தால் கம்பனிக்கு நட்டமில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நட்டம்தான். ஆனால் எல்லோருக்கும் சம்பளத்தைக் கூட்டுவதைவிட, புதியவர்களைப் பழக்கிக்கொண்டே இருப்பது மலிவு என்று அவர்களின் கணக்கு சொல்கிறது. கூலியில் ஒரு சதம் கூட்டிக் கேட்டாலும் சரக்கு அடுத்த கம்பனிக்குப் போய்விடும் சந்தை அது. அதே நாட்டில், பல வியாபாரிகளின் சிறு சரக்குகளைச் சேர்த்து அனுப்பும் கம்பனிகளில் சாரதிகள் விலகும் விகிதம் 10 வீதத்தை ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. அங்கே நிரந்தரப் பாதை உண்டு, பலர் இரவில் வீட்டுக்குப் போகிறார்கள், மேடையில் நின்ற நேரத்துக்கும் பெரும்பாலும் கூலி உண்டு. சாரதியின் குணத்தில் குறையிருந்தால் இங்கேயும் ஓடியிருப்பார்களே.

வேறு வழியில் முயன்ற ஒரு பெரிய கம்பனியும் உண்டு. ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஜே.பி. ஹன்ட், 1996-97 இல் தன் பயிற்சிப் பாடசாலைகளை மூடிவிட்டு, அனுபவமுள்ளவர்களை மட்டும் சேர்ப்பதென்று முடிவு செய்து, சாரதிகளின் கூலியை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஒரேயடியாக உயர்த்தியது. விலகுவோர் தொகையும் விபத்துக்களும் கணிசமாகக் குறைந்தன; பொருளியலாளர்கள் இதை எடுத்து ஆராய்ந்து எழுதினார்கள். எல்லாக் கம்பனியும் இப்படிச் செய்தால் புதியவரைப் பழக்குவது யார் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அத்துடன், இதே கம்பனி 1989 இலேயே புகையிரதக் கம்பனி ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து, நெடுந்தூரச் சரக்கைத் தண்டவாளத்தில் ஏற்றத் தொடங்கியிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. சாரதியை வாரக்கணக்கில் வீட்டைவிட்டுப் பிரிக்காமல் தொழில் நடத்த அதுவும் ஒரு வழி.

முதல் வருடத்தைத் தாக்குப்பிடித்தவருக்கு நிலைமை மாறுகிறது. விபத்தின்றி ஒரு வருடம் ஓட்டிய பதிவு கையில் இருந்தால், அதுவரை மூடியிருந்த கதவுகள் திறக்கும். சொந்தமாக லொறிகள் வைத்துத் தன் சாமானைத் தானே ஏற்றும் வோல்மார்ட் நிறுவனம், தன்னிடம் சேரும் சாரதிகள் முதல் வருடத்திலேயே 110,000 டொலர் வரை உழைக்கலாம் என 2022 ஏப்ரலில் அறிவித்தது. அங்கே சேர அனுபவம் வேண்டும், துப்புரவான பதிவும் வேண்டும். அந்த அனுபவத்தைக் கொடுத்தது, பஸ் டிக்கட் அனுப்பி, பழக்கி, பின்னர் களஞ்சிய வாசலில் கூலியின்றிக் காக்க வைத்து இழந்த முதல் கம்பனி.